ரடர் கொடுத்தும் விமானம் திரும்பவில்லையே, ஏன்?

கேள்வி: எய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) இல்லாத மூன்று சேனல் (ரேடியோவில் மூன்று கட்டுப்பாடுகள் கொண்ட) மாடல் விமானத்தை ரடராலேயே (வாலில் செங்குத்தாக இருக்கும் அசையும் தகடு) திருப்பிப் பழகினேன். இப்போது வாங்கியுள்ள நான்கு சேனல் விமானத்தின் இறக்கை தட்டையானது. ரடர் கொடுத்தால் மூக்கு பக்கவாட்டில் விலகுகிறதே தவிர, விமானம் ஏறக்குறைய நேராகவே போகிறது. சர்வோவில் (ரடரை அசைக்கும் சிறு மோட்டார்) கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. ரடர் மூக்கை இடமோ வலமோ விலக்கும், அவ்வளவுதான். பாதையை வளைப்பது, சாய்ந்த இறக்கையின் தூக்கு விசையில் பக்கவாட்டாக இழுக்கும் பகுதி. உங்கள் பழைய விமானத்தில் இறக்கை நுனிகள் நடுப்பகுதியைவிட உயர்ந்திருக்கும். இதை டைஹீட்ரல் என்கிறோம். அதில் இடது ரடர் கொடுத்ததும் மூக்கு இடப்புறம் விலகினாலும், விமானம் கணநேரம் பழைய திசையிலேயே சறுக்குவதால், காற்று சற்று வலப்பக்கமிருந்து வந்து, வல இறக்கையைக் கூடுதல் கோணத்திலும் இட இறக்கையைக் குறைந்த கோணத்திலும் தாக்குகிறது. வல இறக்கை உயர்ந்து விமானம் இடப்பக்கம் சாய, அதன் பிறகே திருப்பம் பிறக்கிறது. ரடருக்கும் சாய்வுக்கும் இடையே நீங்கள் உணர்ந்திருக்கும் தாமதம் இதனால்தான்.

தட்டை இறக்கையில் இந்த உதவி மிகக் குறைவு. இறக்கை உடலின் கீழே பொருத்தப்பட்டிருந்தால், சில விமானங்கள் ரடருக்கு எதிர்ப்பக்கமாகக்கூட லேசாகச் சாயும். எனவே இனி எய்லரானால் சாய்த்து, ரடரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணை தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு: இடப்பக்கம் சாய்க்கையில் வலது எய்லரான் கீழிறங்கித் தூக்கு விசையோடு இழுவையையும் (காற்றின் தடை) கூட்டுவதால், மூக்கு வலப்புறம் இழுபடும். ரைட் சகோதரர்களே 1902ஆம் ஆண்டு கிளைடரில் இதைச் சமாளிக்கத்தான் நிலையான ரடரை அசையும் ரடராக மாற்றினார்கள். சாயத் தொடங்கும் நேரத்தில் மூக்கைக் கவனியுங்கள். எதிர்ப்பக்கம் விலகினால், சாயும் பக்கமாகச் சிறிது ரடர் சேருங்கள். மூன்று சேனலில் பெரும்பாலும் ரடர் வலது ஸ்டிக்கில் இருந்திருக்கும். மோடு 2 ரேடியோவில் அது இப்போது இடது கட்டைவிரலின் வேலை என்பதால், அந்த விரலுக்குப் புதிதாகவே பயிற்சி வேண்டும். எய்லரானோடு ரடரும் தானாக அசையும்படி ரேடியோவில் எய்லரான்–ரடர் மிக்ஸ் வைக்கலாம். ஆனாலும் விரல் பழகிய பிறகு வைப்பதே நல்லது.

தரையிறங்கும்போது மட்டும் மிகவும் எச்சரிக்கை தேவை. உயரத்தை இழக்காமல் 45 பாகை சாய்வில் திரும்பினால், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பம் அகலமாகிவிட்டதென்று, குறைந்த வேகத்தில் ரடரை அழுத்தி, எலிவேட்டரையும் (மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் வால் தகடு) இழுத்தால், உள்பக்க இறக்கை முதலில் ஸ்டாலாகி விமானம் சுழன்று விழக்கூடும். அந்த உயரத்தில் மீட்க இடமிருக்காது. திருப்பம் தப்பினால் இறக்கையைச் சமப்படுத்தி, த்ராட்டிலைக் கூட்டி, இன்னொரு சுற்று வாருங்கள்.