விமானிகள் சங்கம் வைக்கலாமா?

கேள்வி: இந்தியாவில் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் ஆறு வருடமாக கோ-பைலட். மாதம் 70 மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதற்கான சம்பளம் உறுதி என்று இருந்ததை 40 மணியாகக் குறைத்து, மூன்று நாளில் சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள். சங்கம் என்று பேசினால், "லட்சத்தில் சம்பளம் வாங்குபவர்கள் தொழிலாளர் இல்லை" என்கிறது எச்.ஆர். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்று நாளைக்கு வழக்கில் அதைத்தான் நீட்டுவார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை, பழைய ஒப்பந்தப்படிதான் சம்பளம் வர வேண்டும் என்று இரண்டே வரியில் இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். குறைந்த சம்பளம் கணக்கில் வந்து விழுந்தாலும், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன் என்று மாதாமாதம் எழுதுங்கள்.

எச்.ஆர். சொல்வது தவறு. தொழிலாளரா இல்லையா என்பதைச் சம்பளத் தொகை முடிவு செய்வதில்லை, செய்கிற வேலைதான் முடிவு செய்கிறது. சட்டத்தில் சம்பள வரம்பு இருப்பது மேற்பார்வை வேலை பார்ப்பவர்களுக்குத்தான் (முன்பு 10,000 ரூபாய், இப்போது 18,000). திறன் சார்ந்த, தொழில்நுட்ப வேலைக்கு அப்படி வரம்பே கிடையாது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் விமானியும் தொழிலாளர்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் வரையறை கிட்டத்தட்ட அதேதான். அந்தத் தொகுப்பின்படி சம்பளத்தையோ படிகளையோ பாதகமாக மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மூன்று நாள் கெடுவெல்லாம் செல்லாது.

ஆனால் தனியாக நின்று இதைச் சொல்வது கஷ்டம், அதை நான் மறைக்க மாட்டேன். வேலையை விட்டுப் போகலாம் என்றாலும் டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) விதி கோ-பைலட்டுக்கு 6 மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் நோட்டீஸ் கேட்கிறது, பலருக்குப் பயிற்சி பாண்டும் (பயிற்சிக்குப் பதிலாக இத்தனை காலம் வேலை செய்வேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) கழுத்தில் தொங்குகிறது. சட்டென்று வெளியேற முடியாதவருக்குப் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வரும்? கூட இருப்பவர்களிடமிருந்துதான். சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தரும் உரிமை. ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், அங்கே வேலை செய்பவர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடும் என்று மிரட்டுவது நியாயமற்ற தொழில் நடைமுறை, அப்படி யாராவது பேசினால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தால் சங்கத்தின் பெயரில் சமரச அதிகாரியிடம் (இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச அரசு நியமிப்பவர்) போகலாம், சமரசம் நடக்கும்போது நிர்வாகம் தன்னிஷ்டத்துக்குப் பணி நிபந்தனைகளை மாற்றக் கூடாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எல்லோரும் ஒரே நாளில் லீவு போட்டுவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளாதீர்கள். 2009-ல் சங்கம் தொடங்கிய விமானிகள் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது ஜெட் ஏர்வேஸில் கூட்டாக மருத்துவ விடுப்பு எடுத்தார்கள், விமானங்கள் ரத்தாகி விஷயம் நீதிமன்றம் வரை போனது. இன்றைய சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம், அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. நோட்டீஸ் இல்லாமல் இறங்கினால் உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் கைவிட்டுப் போகும்.

நியமனக் கடிதம், பாண்டு, கடந்த ஒரு வருடச் சம்பளச் சீட்டு, ரோஸ்டர், லாக் புக் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள தொழிலாளர் சட்ட வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். முடிந்தால் இன்னும் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.