அல்ட்ராசோனிக் மெஷினில் பெற்றோல் ஊற்றி கார்புரேட்டர் கழுவலாமா?

அல்ட்ராசோனிக் மெஷின் என்பது உள்ளே விடும் திரவத்தை அதிரவைத்துப் பொருளின் அழுக்கைக் கழற்றும் தொட்டி. அதில் தண்ணீர் ஊற்றினால் கறள் பிடிக்கும் என்கிறார்கள், வழக்கம்போல பெற்றோலே ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றவே வேண்டாம். தின்னரும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம்.

கிளிநொச்சிப் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன், பைக்கோடு தோட்டக்காரர்களின் வாட்டர் பம்ப், லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷின் எல்லாம் வரும். பழைய வாளியில் பெற்றோல் விட்டு பிரஷ் போட்டுத்தான் எல்லோரும் வேலை பழகினோம், அதனால் கை தானாகவே பெற்றோல் கானுக்குப் போகும். ஆனால் இந்தத் தொட்டிக்கு அடியிலேயே ஹீற்றரும் கரண்ட் போர்டும் இருக்கின்றன. பெற்றோல் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலேயே பற்றக்கூடியது, வன்னி வெயிலில் கேட்கவா வேண்டும். ஆவி காற்றைவிடப் பாரம், மேலே போகாமல் மேசையடியில் தேங்கி நிற்கும்.

ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது வாசலிலேயே தின்னர் மணம் முகத்தில் அடித்தது. வேலைக்கு நின்ற பொடியன் அவசரத்தில் ஊற்றி, ஹீற்றரையும் போட்டிருந்தான். சுவிட்சைத் தட்டும்போதுகூடப் பொறி வரும் என்பதால் மெஷினைத் தொடாமல், அவனை வெளியே இழுத்துவிட்டு, பின் சுவரில் இருந்த மெயினை இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, ஏனென்றால் முதல் நாளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது நான்.

சரி, எதை ஊற்றுவது? தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சமும் போதும், சூடு 50, 60 பாகை. நம்முடைய கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கேத்திலில் படிவது போல தொட்டியிலும் வெள்ளையாகப் படியும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள். பிளீச், அமிலம் எதுவும் விடாதீர்கள், எவர்சில்வர் தொட்டியே ஓட்டையாகும். கறளுக்குப் பயமென்றால் கழுவியதும் காற்றடித்து உடனே உலர்த்துங்கள்.

பொருளை அடியில் போடாமல் கூடையில் வையுங்கள். தொட்டியில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றால் மெஷினைப் போடவே கூடாது, அடியில் ஒட்டியிருக்கும் அதிர்வுக் கட்டைகள் சூடேறிச் செத்துவிடும். மூன்று பின் பிளக், ஏர்த் கட்டாயம். தண்ணீரை நிரப்பவும் வெளியே ஊற்றவும் முதல் பிளக்கைக் கழற்றுங்கள்.

அப்புறம் கை. ஓடும்போது விரலை விட்டு எடுப்பவர்கள் நிறைய. ஒரு துண்டு அலுமினியத் தாளை ஒரு நிமிடம் அதற்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசி குத்தியது போலப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். வினாடிக்கு 40,000 தடவை அதிர்ந்து, நுண்குமிழிகள் வெடித்துச் செய்யும் வேலை அது. விரலுக்குள் எலும்பு வரைக்கும் அந்த அதிர்வு போகும். கூடையைத் தூக்குவதென்றாலும் நிற்பாட்டிவிட்டுத் தூக்குங்கள்.

கழுவ முதல் ரப்பர், கேஸ்கெட், மிதவை எல்லாவற்றையும் கழற்றுங்கள், உள்ளே மிஞ்சிய பெற்றோலையும் வெளியே நன்றாக வடித்துவிடுங்கள். 5 நிமிடம் ஓடவிட்டு, ஜெட்டை, அதாவது பெற்றோல் போகும் சின்னத் துளையுள்ள துண்டை, வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், துளை வட்டமாக வெளிச்சம் காட்டினால் போதும், காட்டாவிட்டால் இன்னொரு 5 நிமிடம். கழிவுத் தண்ணீரைக் கிணற்றடியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.