22 அடியா, 30 அடியா?

கேள்வி: ஐயா, இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில் இருக்கிறோம். நான், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடையில் சனி, ஞாயிறு தேம்ஸ் ஆற்றில் போய் படகிலேயே தூங்கி வர, பழைய மோட்டார் குரூசர் ஒன்று வாங்க ஆசை. கையில் 15,000 பவுண்டு இருக்கிறது. அந்தக் காசுக்கு 22 அடிப் படகும் வருகிறது, கொஞ்சம் வயதான 30 அடியும் வருகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இடம் வேண்டுமே என்று மனது 30 அடிப் பக்கமே போகிறது. எதை எடுக்கட்டும்?

பதில்: அப்பா அம்மா வருடத்தில் எத்தனை நாள் வருவார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் 31 அடிப் படகு வாங்கினேன். மாமனார், மாமியார் வந்தார்கள். ஒரு மதியம் ஏறி, புளியோதரை சாப்பிட்டார்கள். ஆட்டம் தாங்கவில்லை என்று மாமியார் அடுத்த லாக்கிலேயே (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) இறங்கிக்கொண்டார். அந்த ஒரு மதியத்துக்காக மூன்று வருடம் கூடுதல் அடிகளுக்கு வாடகை கட்டினேன்.

படகின் விலையை ஒரு தடவைதான் கொடுக்கிறோம். நீளத்துக்கு வருடா வருடம் கொடுக்க வேண்டும். படகைக் கட்டி வைக்கும் மூரிங்குக்கு அடிக்கணக்கில் வாடகை. தேம்ஸில் பதிவுக் கட்டணம் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வருகிறது. தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்தாலும் அப்படித்தான். எட்டு அடிதானே கூடுதல் என்று தோன்றும்; ஆனால் நீளத்தோடு அகலமும் உயரமும் ஏறுவதால், 30 அடிப் படகு 22 அடியைப் போல இரண்டரை மடங்கு பெரிய சாமான். இரட்டை இன்ஜின் என்றால் ஃபில்டரிலிருந்து எல்லாமே இரண்டு. அது 22 அடியின் விலைக்கு வருகிறதென்றால், செய்ய வேண்டிய வேலை எதையோ உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதை ஆகிவிடும்.

சரி, 22 அடி போதுமா? விளம்பரத்தில் "நான்கு பேர் படுக்கலாம்" என்று இருக்கும். அதில் இரண்டு பேர் படுப்பது சாப்பாட்டு மேசையை இறக்கி, மேலே மெத்தை போட்ட இடத்தில். தினமும் ராத்திரி அதைப் போட வேண்டும், காலையில் எடுக்க வேண்டும். நடுராத்திரி சின்னவன் கழிவறைக்குப் போனால் உங்கள் காலை மிதித்துக்கொண்டுதான் போவான். அதனால் படகு பார்க்கப் போகும்போது நால்வரும் போங்கள். மேல் கித்தானை மூடிவிட்டு, மழை பெய்வதாக நினைத்து ஒரு மணி நேரம் உள்ளே உட்காருங்கள். டீ போடுவது போல அடுப்படியில் நின்று பாருங்கள். தலை இடிக்கிறதா? பெரியவளைப் படுக்க வைத்து, காலுக்கு அப்பால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அவள் இன்னும் வளர்வாள். நான் இதைச் செய்ததே இல்லை. வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போய், சாய்ந்து உட்கார்ந்து, மயங்கி வாங்கினேன்.

உங்கள் வீட்டுக்கு 24, 25 அடி, ஒற்றை டீசல் இன்ஜின் சரியாக வரும். குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறாதீர்கள். லாக்குகள் இருக்கிற தேம்ஸில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். 200 குதிரைகளைக் கட்டி வைத்துத் தீனி போடுவானேன்? படகுக்கு 10,000, மிஞ்சினால் 11,000. மீதி முதல் வருடத்துக்கே போய்விடும்.

நீங்கள் ரெடிங்கில் இருப்பதால் இன்னொன்று. மேலே ஆக்ஸ்ஃபோர்டு தாண்டிப் போக ஆசை இருந்தால், வழியில் ஆஸ்னி பாலம் குறுக்கே நிற்கிறது. அடியில் இருக்கும் உயரம் 7 அடி 6 அங்குலம்தான். கண்ணாடியையும் கித்தானையும் மடக்கிய பிறகு தண்ணீருக்கு மேல் படகு எவ்வளவு நிற்கிறது என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க்குள் நுழைவதென்றால் லாக்கின் அகலமே 7 அடி; 6 அடி 10 அங்குலப் படகுதான் போகும். அவ்வளவு ஒல்லியான படகு ஆற்றில் கொஞ்சம் ஆடும். உங்கள் ஊரிலேயே சேரும் கென்னெட் - ஏவான் கால்வாயில் அந்தத் தொல்லை இல்லை, லாக்குகள் அதைப் போல இரட்டை அகலம். உரிமம் மட்டும் தனி.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நீங்களே அமர்த்திய சர்வேயர் (படகைச் சோதித்துச் சொல்பவர்) படகைக் கரையேற்றிப் பார்க்க வேண்டும். பழைய ஃபைபர் அடிப்பாகத்தில் தண்ணீர் ஊறிக் கொப்புளம் கிளம்பியிருக்கலாம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டி "எல்லாம் சரி" என்பார்கள். அது கேஸ், மின்சாரம், எரிபொருள், கார்பன் மோனாக்சைடு அலாரம் போன்றவற்றுக்கு. அடிப்பாகம் நல்லதா, இன்ஜின் ஓடுமா என்பதற்கு அது பொறுப்பில்லை. என் 31 அடிக்கும் அந்தச் சான்றிதழ் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஒரு குளிர்காலம், இன்ஜின் சூடு தணிய உள்ளே இழுத்த ஆற்றுத் தண்ணீரை வடிக்காமல் விட்டிருக்கிறார். உறைந்து விரிசல் விட்டதற்கு மேலே பெயின்ட். மே மாதம்தான் தெரிந்தது.

கேள்வி: பெட்ரோல் படகு மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (கிங்ஸ்டனிலிருந்து ஒருவர்)

பதில்: படகுக்கு வெளியே பின்னால் மாட்டும் சின்ன அவுட்போர்டு இன்ஜின் என்றால் எடுங்கள். உள்ளே பெட்ரோல் இன்ஜின் இருந்தால் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும். ஒவ்வொரு தடவையும் சாவி திருப்புவதற்கு முன் விசிறியைப் போட்டு வெளியேற்ற வேண்டும். அப்புறம், ஆற்றோரப் பம்புகளில் சுலபமாகக் கிடைப்பது டீசல். பெட்ரோலுக்கு கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாரா?