கொச்சியிலிருந்து கூட்டம் வருகிறதா? ஏலக்காய்க் கடைக்கு ஒரு பதில்

கம்பத்திலிருந்து ஏலக்காய் விற்கும் உங்கள் தளத்துக்குக் கொச்சியிலிருந்துதான் கூட்டம் வருவதாக, தளத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டுகிறது, விளம்பரப் பணத்தை அங்கே திருப்பலாம் என்கிறார் பங்குதாரர் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஊர்ப்பெயர் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணை, வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. குமுளியிலோ வண்டன்மேட்டிலோ உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் பார்ப்பவரையும் கொச்சிக்காரராக அது காட்டலாம். ஆர்டர் பட்டியலில் பின்கோடைப் பாருங்கள். 685 என்று தொடங்கினால் இடுக்கி. 682 என்றால்தான் கொச்சிப் பக்கம். பங்குதாரரிடம் அந்தப் பட்டியலை நீட்டுங்கள், பேச்சு அதோடு முடியும்.

அப்புறம், வருகையில் பாதி 'டைரக்ட்' என்றீர்களே, அத்தனை பேரும் முகவரியை டைப் செய்து வந்தவர்கள் இல்லை. எந்த வழியாக வந்தார் என்று தெரியாதவர் எல்லாரும் அந்த மூட்டைக்குள்தான் விழுவார்கள். வாட்ஸப் குழுக்களில் நீங்கள் போடும் விலைப்பட்டியல் லிங்க் பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும். இனி லிங்க்கின் கடைசியில் யூடிஎம் சேருங்கள், அதாவது எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் அடையாளச் சொற்கள்: சோர்ஸ் வாட்ஸப், கேம்பைன் ஓணம் என்கிற மாதிரி. ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே அடியுங்கள். ஒருநாள் பெரிய எழுத்தில் அடித்தால் அது தனி வரியாகப் பிரிந்துவிடும்.

விற்பனையெல்லாம் பேமென்ட் கேட்வே, அதாவது பணம் வாங்கித் தரும் தளம், கொண்டுவந்ததாகக் காட்டுவது சின்ன விஷயம். பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறவரை அங்கிருந்து வந்தவராக எடுத்துக்கொள்கிறது. அனலிட்டிக்ஸின் டேக் செட்டிங்ஸில் வேண்டாத ரெஃபரல் (வேறு தளத்திலிருந்து வந்ததாக எண்ணக் கூடாதவை) பட்டியல் இருக்கும், அதில் அந்த கேட்வேயின் டொமைனைச் சேருங்கள். பழைய கணக்கு மாறாது, இனி வருவது சரியாகும்.

கடைசியாக, வருகை விவரங்களை அனலிட்டிக்ஸ் எத்தனை மாதம் வைத்திருக்கும் என்று சொல்லும் டேட்டா ரிடென்ஷன் 2 மாதத்தில் நின்றால் இன்றே 14 ஆக்குங்கள்.