அன்றைக்கு மறைத்தவர்கள் இன்றைக்கு மறைக்கமாட்டார்களா?

கேள்வி: எதைப் பேசினாலும் என் அண்ணன், “அமெரிக்காவில் டஸ்கீகி நடக்கவில்லையா? எம்.கே.அல்ட்ரா நடக்கவில்லையா?” என்று கேட்டுவிட்டு, நிலவில் இறங்கியதும் நாடகம்தான் என்று முடிக்கிறார். தேடிப் பார்த்தேன், முதல் இரண்டும் உண்மைதான். அதற்குப் பிறகு என்ன பதில் சொல்வது?

பதில்: முதலில் அந்த இரண்டையும் ஒப்புக்கொண்டுவிடுங்கள். “அரசாங்கம் அப்படியெல்லாம் செய்யாது” என்று ஆரம்பித்தால் அங்கேயே தோற்றீர்கள். டஸ்கீகி என்பது இதுதான்: அலபாமா மாநிலத்தில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை முறையான சிகிச்சை தராமல் கண்காணித்தது. 1947 வாக்கிலேயே பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது, அப்போதும் கொடுக்கவில்லை. எம்.கே.அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ., ஆட்களுக்குத் தெரியாமலே எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைக் கொடுத்துப் பார்த்தது. 1973-ல் அதன் இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் அந்தக் கோப்புகளை அழிக்கச் சொன்னார். அழித்த கோப்பில் என்ன இருந்தது என்று இனி யாராலும் காட்ட முடியாது; அதனால் எது வேண்டுமானாலும் இருந்ததாகச் சொல்லலாம். சந்தேகத்துக்கு இதைவிட நல்ல எரு கிடையாது.

அமெரிக்காவின் ராஸ்வெல் ஊரில் நடந்ததைப் பாருங்கள். 1947-ல் பறக்கும் தட்டு கிடைத்ததாக ராணுவமே அறிவித்து, உடனே வானிலை பலூன் என்று மாற்றியது. சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்கும் ‘மோகல்’ திட்டத்தின் பலூன் அது என்று விமானப்படை சொன்னது 1994-ல். ஏதோ மறைக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்தவர்கள் ஏமாளிகள் அல்ல. காலியான இடத்தில் வேற்றுக்கிரகவாசியை உட்கார வைத்ததில்தான் பிசகு.

அண்ணனிடம் கேட்க வேண்டியது, அந்த ரகசியங்கள் வெளியே வந்தது எப்படி என்று. எம்.கே.அல்ட்ராவின் கணக்கு வழக்குத் தாள்கள் வேறு இடத்தில் கிடந்ததால் தப்பின. 1977-ல் சுமார் 20,000 ஆவணங்கள் கிடைத்தன. டஸ்கீகி முடிவுகளோ மருத்துவ இதழ்களிலேயே வந்துகொண்டிருந்தன! அந்தத் துறையில் வேலை பார்த்த ஒருவர் பத்திரிகையாளரிடம் கொண்டுபோனபோதுதான் விவகாரமானது. பில், ரசீது, மனசாட்சி உறுத்திய ஓர் ஊழியர் என்று ஏதாவது ஒன்று மிஞ்சுகிறது.

அடுத்து, நிலவு விஷயத்தில் அமெரிக்க அரசின் பேச்சை முழுசாக ஒதுக்கி வையுங்கள். மிச்சம் என்ன? அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் நிலவில் வைத்துவிட்டு வந்த, ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான்களில் பிற நாட்டு ஆய்வகங்களும் லேசர் அடித்துத் தூரம் அளக்கின்றன. கொண்டுவந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் பல நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். யாரையும் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையே அங்கு இல்லை.

‘நார்த்வுட்ஸ்’ என்று ஆரம்பித்தால் உஷார். கியூபா மீது பழிபோட நாடகத் தாக்குதல் நடத்தலாம் என்று 1962-ல் ராணுவத் தலைமை எழுதிக் கொடுத்த யோசனை அது, நிறைவேறவில்லை. ஆவணம் அசல்தான், ஆனால் நடந்த சம்பவமாகவே பலர் அதைச் சொல்வார்கள்.

நாலு பேர் முன்னால் வேண்டாம். தனியாக, ஒரு நேரத்தில் ஒரே விஷயத்தை எடுங்கள். “எதைக் காட்டினால் ஒத்துக்குவீங்க அண்ணா?” என்று கேளுங்கள். “எதைக் காட்டினாலும் இல்லை” என்றால் அன்றைக்கு நிலவை விட்டுவிட்டு டஸ்கீகியைப் பற்றிப் பேசுங்கள். அதில் இரண்டு பேருக்கும் கோபப்பட நியாயம் இருக்கிறது.