தட்டு நறுக்கும் இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்தவர் மீண்டும் காட்டு வேலைக்குப் போக முடியுமா?

ஆத்தூர் பக்கம் கூலிக்குப் போன காட்டில், மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கும்போது உங்கள் அண்ணனின் வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. தையல் பிரித்த பிறகும் கையை மார்போடு அணைத்தபடியே இருக்கிறார். இனி மண்வெட்டி பிடிப்பாரா, இழப்பீடு கேட்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் பிசியோதெரபி செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பெரும்பாலும் பிடிப்பார். மண்வெட்டிக் காம்பை இறுக்கும் வலிமையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் பெரும் பங்கு உண்டு, கட்டைவிரலும் தப்பியிருக்கிறது. எனக்குக் கவலை தருவது அவர் கையை அசைக்காமல் வைத்திருப்பதுதான். அப்படி வைத்தால் காயமே படாத விரல்களும் சில வாரங்களில் வீங்கி விறைத்துப்போகும். விரல்களை மடக்கும் ஆழ்ந்த தசைநார்கள் முன்கையில் ஒரே தசைத் தொகுதியிலிருந்து புறப்படுவதால், வெட்டுண்ட விரலின் நார் தழும்போடு ஒட்டிக்கொண்டால் பக்கத்து விரல்களும் முழுதாக மடங்காமல் நின்றுவிடக்கூடும். மிஞ்சிய விரல்களில் எதிலாவது நார் தைக்கப்பட்டிருக்கிறதா என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். தைத்திருந்தால் ஏறத்தாழ 12 வாரங்களுக்குப் பளு தூக்கக் கூடாது, பயிற்சியும் அவர் சொல்லும் அளவில்தான்; இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கலாம்.

புண் முழுதும் ஆறியபின், விரல் நின்ற இடத்தை முதலில் பருத்தித் துணியாலும் பிறகு சாக்குத் துணியாலும் தேய்த்து, கேழ்வரகு நிரம்பிய பாத்திரத்தில் கையை விட்டு அளையச் சொல்லுங்கள். தொட்டாலே கூசும் நிலை இதனால் படிப்படியாகத் தணியும். இல்லாத விரல் அரிக்கிறது, எரிகிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். அது மூளையின் வேலை; மந்திரிக்கப் போக வேண்டியதில்லை. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அதை அசைக்கும் பயிற்சி, நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் வகுத்தது, சிலருக்கு உதவுகிறது. குளிரில் வலி கூடுவதும் இயல்பே. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இழப்பீட்டுக்கு வழியுண்டு. மின்சாரத்தாலோ வேறு விசையாலோ இயங்கும் கருவிகளைக் கொண்டு செய்யும் விவசாய வேலையும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் அடங்கும் (முன்பு 1923ஆம் ஆண்டின் தனிச் சட்டம்; 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பகுதி). அதன் அட்டவணை, ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் உழைப்புத் திறனில் 20 சதவீத இழப்பு என்றும், கட்டைவிரல் ஒன்று போனாலே 30 சதவீதம் என்றும் கணக்கிடுகிறது. தொழிலாளர் துறையில் மனு செய்வதை இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்துவிடுங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உடனே பாருங்கள். காட்டுக்காரர் கெஞ்சினார் என்பதற்காகக் கதவில் நசுங்கியதாகச் சொல்லிவிட்டுப் பிறகு தவித்தவர்கள் பலர். அப்படி எழுதியிருந்தால் உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம்தான் கைகொடுக்கும். மாற்றுத்திறனாளிக்கான பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு தேவைப்படுவதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் உறுப்பினரா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சொந்த வீட்டு இயந்திரத்தில் அடிபட்டவர்களும் நாடக்கூடிய உதவி அது.

உங்கள் அண்ணனுக்கு இது காலம் கடந்த செய்தி என்றாலும், அந்த இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் எழுதுகிறேன். துண்டான விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போடக் கூடாது; ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். காயத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ அப்பாமல், சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடி 108 ஊர்தியில் ஏற்ற வேண்டும். மயக்க மருந்து கொடுக்க நேரிடும் என்பதால் வழியில் டீ கூட வாங்கித் தராதீர்கள்.