ஆண்டோ சுவரும் நம்ம ஊர் சென்ட்ரிங்கும்

ஐயா, வணக்கம்.

ஈரோட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோவின் பூச்சில்லாத காங்கிரீட் சுவர்களைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, வரவேற்பறையில் பத்தடி உயரத்துக்கு ஒரு சுவர் போட்டோம். எம்25 தர ரெடிமிக்ஸ் காங்கிரீட். பலகையைப் பிரித்தால் அடியில் ஓரடிக்கு ஜல்லி பல்லிளிக்கிறது. பலகை சேரும் இடமெல்லாம் கறுப்புக் கோடு. அங்கங்கே துருக்கறை. மேஸ்திரி ‘பூசி விட்டுரலாம்’ என்கிறார். ஜப்பான் சிமெண்டே வேறு என்கிறார் பொறியாளர். அப்படியா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

சிமெண்ட் வேறு இல்லை. அங்கும் போர்ட்லண்ட் சிமெண்ட்தான், லாரியில் வரும் ரெடிமிக்ஸ்தான். வித்தியாசம் தச்சு வேலையில் இருக்கிறது. எப்படியும் பூசப்போகிறோம் என்று அடிக்கிற சென்ட்ரிங் ஒரு தினுசு, பூச்சே கிடையாது என்று அடிக்கிற சென்ட்ரிங் வேறு தினுசு. உங்கள் ஆட்கள் அடித்தது முதல் தினுசு.

ஆண்டோவின் சுவரில் வரிசையாக வட்டத் துளைகள் தெரியும், கவனித்திருப்பீர்கள். அவை அலங்காரம் அல்ல. இரண்டு பக்கப் பலகையும் விலகாமல், நெருங்காமல் பிடித்து நிறுத்தும் கம்பியின் முனையில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று இருக்கும். பிரித்த பிறகு அதைக் கழற்றினால் வருவது அந்தத் துளை. ஜப்பானில் பலகையின் அளவு 900×1800 மி.மீ., கனம் 12 மி.மீ., முகத்தில் யுரேத்தேன் பூச்சு. ஒரு பலகைக்கு ஆறு துளை. அகலத்தில் ஓரத்திலிருந்து 225, நடுவில் 450. உயரத்தில் 300, 600, 600, 300. இப்படி வைத்தால் பக்கத்துப் பலகையோடு சேரும்போதும் இடைவெளி மாறாது. சுவரின் நீளம், கதவு நிலை, ஜன்னல் எல்லாம் இந்தக் கட்டத்துக்குள் அடங்கும்படி வரைபடத்திலேயே முடிவாகிவிடும். தளத்தில் வந்து பலகையை வெட்டிப் பொருத்துகிற பேச்சே இல்லை.

நம் பலகை எட்டுக்கு நாலு, அதாவது 2440×1220. பரவாயில்லை, நம் கட்டத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். ஓரத்திலிருந்து 305, பிறகு 610 வீதம் வைத்தால் ஒரு பலகைக்கு எட்டு துளை, எல்லாப் பக்கமும் சம சதுரம். உங்கள் பத்தடி உயரம் இதற்கு ஒத்துவரும்: எட்டடிப் பலகைக்கு மேல் இரண்டடித் துண்டு. பத்தேகால் அடியாக இருந்திருந்தால் உச்சியில் மூன்றங்குலக் கீற்று ஒட்டி அசிங்கமாகியிருக்கும். ஃபிலிம் ஒட்டிய ப்ளைவுட் எடுங்கள். பின்னால் எட்டங்குலத்துக்கு ஒரு மரச் சட்டம் வேண்டும். பத்தடியை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு ஏழு டன் வரை அழுத்தம் வரும், 12 மி.மீ. பலகை தொப்பை போடும்.

இனி உங்கள் மூன்று குறைகள்.

அடியில் ஜல்லி தெரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். காங்கிரீட்டைப் பத்தடி உயரத்திலிருந்து கம்பிக்குள் கொட்டியிருப்பார்கள். ஜல்லி முதலில் இறங்கிவிடும், சிமெண்ட் பால் மேலேயே நிற்கும். தரைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த சந்தில் கொஞ்சநஞ்சப் பாலும் ஒழுகியிருக்கும். காங்கிரீட் கொட்டும் குழாயை அடிவரை விட்டு, ஓரடி, ஒன்றரை அடி உயரமாகச் சுவர் நெடுகச் சுற்றி வர வேண்டும். வைப்ரேட்டரை ஒன்றரை அடிக்கு ஒரு இடத்தில் இறக்கி, முந்தைய அடுக்குக்குள் நாலங்குலம் போகும்படி விட்டு, நிதானமாக உருவ வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அந்த ஓட்டையே உள்ளே நிற்கும். ஜப்பானியத் தளங்களில் மரச் சுத்தியலால் பலகையை வெளியிலிருந்து தட்டுவதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள். நிரம்பாத இடம் ‘டொங்’ என்றும் நிரம்பிய இடம் ‘தொப்’ என்றும் கேட்கும். ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 120 நிமிடம் தாண்டக் கூடாது என்பது ஜப்பான் கட்டடக்கலைக் கழகத்தின் ஜாஸ் 5 விதி. ஈரோட்டு வெயிலுக்கு அதுவே அதிகம், இன்னும் சீக்கிரம் முடியுங்கள். 20 மி.மீ. ஜல்லி வேண்டாம், 12 போதும். இறுகுகிறது என்று லாரியில் தண்ணீர் ஊற்றவே விடாதீர்கள். இளக்கம் வேண்டுமென்றால் பிளான்ட்டிலேயே சூப்பர் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே இளக வைக்கும் மருந்து) கூட்டச் சொல்லுங்கள்.

கறுப்புக் கோடும் ஒழுகல்தான். சந்து வழியாகத் தண்ணீர் போன இடத்தில் சிமெண்ட் கறுத்துவிடும். பலகை ஓரத்தை மெஷினில் நேராக அறுத்து, அறுத்த முகத்துக்குப் பெயின்ட் அடித்து, சேரும் இடத்தில் ஃபோம் டேப் ஒட்டினால் தீர்ந்தது.

துருக்கறை கட்டுக்கம்பி செய்த வேலை. கம்பி கட்டும்போது நறுக்கின துண்டுகள் உள்ளே விழுந்து கிடக்கும். முடிச்சின் வால் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வாலை உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். மூடுமுன் காந்தம் விட்டுத் துழாவுங்கள். வாரக்கணக்கில் மழையில் நின்ற கம்பியிலிருந்து வடியும் செந்நீரும் பலகையில் படிந்து சுவருக்கு வந்துவிடும்.

இப்போது நிற்கிற சுவரை என்ன செய்வது? உதிரும் ஜல்லியைக் கொத்தி எடுத்து, சுருங்காத கிரௌட் (சிமெண்ட் குழம்பு) நிரப்ப வேண்டும். கம்பி தெரிந்தால் அதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் யாரும் கை வைக்க வேண்டாம். பிறகு பூசுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஜப்பானிலேயே கெட்டுப்போன முகத்தில் காங்கிரீட் நிறத்தையும் பலகைக் கோட்டையும் வரைந்து மறைக்கத் தனி ஆட்கள் உண்டு. படத்தில் வருகிற சுவரெல்லாம் பிரித்தபடியே நின்றது என்று நம்பாதீர்கள்.

வெளிச்சுவரில், அதுவும் மேற்கே, இதைச் செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆண்டோவுக்குப் பெயர் வாங்கித் தந்த ஒசாகாவின் சுமியோஷி வீட்டில் (1976) வெப்பத் தடுப்பு கிடையாது. மழை நாளில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குக் குடை பிடித்து முற்றத்தைக் கடக்க வேண்டும். 

‘நம்ம ஆட்களுக்கு வராது’ என்று யாராவது சொன்னால் புதுச்சேரிக்குக் கூட்டிப் போங்கள். 1924-இல் டோக்கியோவில் தன் வீட்டையே பூச்சில்லாத காங்கிரீட்டில் கட்டிய கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட், அரவிந்தர் ஆசிரமத்துக்காக அதே பூச்சில்லாத காங்கிரீட்டில் வடிவமைத்த கோல்கொண்டா விடுதி அங்கே இருக்கிறது. வேலை தொடங்கியது 1937-இல்.

அடுத்த சுவருக்கு முன் நாலடிக்கு எட்டடியில் ஒரு மாதிரிச் சுவர் போடுங்கள். அதே கம்பி, அதே கனம், அதே பலகை, அதே ஆட்கள். கம்பி இல்லாமல் போட்ட மாதிரிச் சுவர் எப்போதும் அழகாகத்தான் வரும், அதை நம்பி இறங்க வேண்டாம்.